மதியை மயக்கும் செடிச் சத்துக்கள்

(கூட்டுறவுச் சங்க அங்கத்தினர்களுக்கான பாடம்)

வில்லியனூர், பாகூர் கொம்யூன்களின் கிராமப் பாதைகளில் நடப்பவர்கள் கீழ்க்கண்டவற்றைத் தினந்தோறும் காண்கிறார்கள். வேலியோரத்தில் ஊமத்தை பூத்து நிற்கிறது. வரப்பின்மேல் பனை நிற்கிறது. பெட்டிக்கடையில் வெற்றிலையும் பாக்கும் புகையிலையும் விற்கப்படுகின்றன. பக்கத்துத் தேநீர்க் கடையில் காப்பி ஆற்றப்படுகிறது. இவை ஒரே குலத்தைச் சேர்ந்த தாவரங்கள் அல்ல. ஆயினும் இவற்றிலிருந்து கிடைப்பவை யாவும் மனிதனுடைய மூளையிலும் நரம்புகளிலும் வேலை செய்யும் வன்மை உடையவை. முன்னோர் இத்தகைய பொருள்களை லாகிரி வஸ்துக்கள் என்றார்கள்.

"செடியில் விளைந்ததுதானே, அது என்ன கெடுதல் செய்துவிடும்?" என்னும் பேச்சு கிராமங்களில் அடிக்கடி கேட்கப்படுகிறது. இப்பேச்சை நம்பிக் குழந்தைக்கு இலைச்சாறு புகட்டியவர்களும், பாக்கினால் வாய் திறக்க முடியாமற்போனவர்களும் உண்டு. ஆகையால் அப்பேச்சில் உண்மை எவ்வளவு என்பதை அங்கத்தினர்கள் காரண காரியத்தோடு அறிந்துகொள்ளுதல் அவசியமாகும்.

1. செடி இச்சத்தை ஏன் உண்டாக்குகிறது?

ஆட்டையோ மாட்டையோ ஒரு மிருகம் துரத்தினால் அது ஓடித் தப்பலாம். செடி ஓட முடியாது. புழுவும் பூச்சியும் கால்நடையும் தன்னைத் தின்னாதபடி அது வேறு வகையில் தற்காத்துக்கொள்ள வேண்டும். சில செடிகள் முள்ளை வளர்க்கின்றன. சில செடிகள் கைப்பான சத்துக்களைத் தம் இலையிலும் விதையிலும் சேமித்து வைக்கின்றன. இவற்றுள் முக்கியமான ஒரு வகுப்பை இரசாயன சாஸ்திரிகள் ஆல்கலாய்டுகள் என்று அழைக்கிறார்கள்.

இதற்கு அத்தாட்சி குடியானவர்களிடமே உள்ளது. புகையிலையை ஊறவைத்த நீரை அசுவினிப் பூச்சிக்குத் தெளிப்பது பழைய வழக்கம். புகையிலையிலுள்ள நிக்கோட்டின் என்னும் சத்து பூச்சியின் நரம்பைத் தாக்கி அதைக் கொல்கிறது. காட்டுப் புகையிலையின் இலையைப் புழு கடித்தால், அச்செடியின் வேர் நிக்கோட்டினை முன்னிலும் அதிகமாகச் செய்து இலைக்கு அனுப்புகிறது. காப்பியிலும் தேயிலையிலும் உள்ள கஃபீனும் பூச்சிகளுக்கு ஆகாததே.

செடி இச்சத்தை மனிதனுக்காகச் செய்யவில்லை, தனக்காகச் செய்துகொண்டது. ஆகவே மனித உடலுக்கு ஏற்ற அளவு அதில் வகுக்கப்படவில்லை. ஒரே வேலியில் நிற்கும் இரண்டு ஊமத்தைச் செடிகளில் சத்தின் அளவு ஒன்றாக இராது. இலைக்கும் விதைக்கும் வேற்றுமை உண்டு. இளஞ்செடிக்கும் முற்றிய செடிக்கும் வேற்றுமை உண்டு. வைத்தியசாலையில் ஊசிமருந்தின் அளவு மில்லிகிராம் கணக்கில் எழுதப்பட்டிருக்கிறது. வேலிச் செடியில் எவரும் அளவு எழுதி ஒட்டவில்லை.

2. பூட்டும் சாவியும்

பூச்சியின் நரம்பைத் தாக்கும் சத்து மனிதனையும் பாதிப்பதன் காரணம் யாது? இரண்டு உயிர்களின் நரம்புகளும் ஏறக்குறைய ஒரே வகைச் செய்திப் பொருள்களைக் கொண்டு வேலை செய்வதே காரணம்.

ஒரு நரம்பு தன் கட்டளையைத் தசைக்கோ சுரப்பிக்கோ அடுத்த நரம்புக்கோ தெரிவிக்க வேண்டுமானால், தன் நுனியில் ஒரு பொருளைச் சிறிதளவு கசியவிடுகிறது. இதை 1921-ஆம் ஆண்டில் ஆட்டோ லோவி என்னும் விஞ்ஞானி தவளையின் இருதயத்தைக் கொண்டு நிரூபித்தார். அப்பொருள் அசிட்டைல்கோலின் ஆகும். இத்துறையில் செய்த ஆராய்ச்சிக்காக அவருக்கும் இங்கிலாந்தின் ஹென்றி டேல் என்பவருக்கும் 1936-ஆம் ஆண்டு நோபெல் பரிசு அளிக்கப்பட்டது.

அசிட்டைல்கோலினை ஒரு சாவி என்று கொண்டால், அது சென்று பொருந்தும் இடத்தைப் பூட்டு எனலாம். இப்பூட்டுகள் இரண்டு வகை. ஒரு வகைக்குப் புகையிலைச் சத்தாகிய நிக்கோட்டினின் பெயரும், மற்றொரு வகைக்கு ஒரு நச்சுக் காளானின் சத்தாகிய மஸ்காரினின் பெயரும் சூட்டப்பட்டுள்ளன. மனித உடலின் பூட்டுகளுக்கு ஒரு செடியின் பெயரும் ஒரு காளானின் பெயரும் வந்ததற்குக் காரணம், அவற்றின் சத்துக்கள் கள்ளச் சாவிகளைப்போல் அப்பூட்டுகளில் பொருந்துவதுதான்.

கள்ளச் சாவி இரண்டு விதமாக வேலை செய்யலாம். பூட்டைத் திறந்துவிடலாம், அல்லது உள்ளே நுழைந்து, திரும்பாமல் அடைத்துக்கொண்டு, உண்மைச் சாவியும் நுழையவொட்டாமல் செய்யலாம். பாக்கை மென்றால் வாயில் எச்சில் ஊறுகிறது. ஊமத்தையை உண்டால் வாய் உலர்ந்துபோகிறது. பாக்கிலுள்ள அரெக்கோலின் மஸ்காரின் வகைப் பூட்டைத் திறக்கிறது. ஊமத்தையின் சத்து அதே பூட்டை அடைக்கிறது. இவ்வொன்றை நினைவில் வைத்துக்கொண்டால் பின்வருவன எளிதில் விளங்கும்.

3. ஊமத்தை

ஊமத்தை மலர் சிவபெருமானுக்கு உகந்தது என்று பெரியோர் கூறுவர். வில்லியனூர்த் திருக்காமீசுவரரை வணங்கும் ஜனங்களுக்கு இதைச் சொல்லித் தெரிவிக்க வேண்டியதில்லை. ஆனால் சாத்துவதற்கு உரிய மலர் உண்பதற்கு உரியதன்று.

இச்செடியின் எல்லாப் பாகங்களிலும் அட்ரோபின், ஹையோசயமின், ஸ்கோபோலமின் ஆகிய சத்துக்கள் இருக்கின்றன. உட்கொண்டவருக்கு முதலில் வாயும் தொண்டையும் உலர்கின்றன. முகம் சிவந்து உடல் காய்கிறது, வியர்வை வருவதில்லை. கண்ணின் கருமணி அகன்று பார்வை மங்குகிறது. நடை தள்ளாடுகிறது, சிறுநீர் தடைப்படுகிறது. பிறகு மதி மாறுகிறது. இல்லாத நூலை விரல் நுனியிலிருந்து இழுப்பதுபோலவும், படுக்கையில் எதையோ பொறுக்குவதுபோலவும் அவர் செய்வார். இல்லாத மனிதருடன் பேசுவார். இதைக் கண்ட உறவினர் பேய் பிடித்ததென்று எண்ணி மந்திரிக்க அழைத்துச் சென்றால் அருமையான காலம் வீணாகிவிடும். 19-ஆம் நூற்றாண்டில் வழிப்பறிக்காரர்கள் பிரயாணிகளின் உணவில் ஊமத்தை விதையைக் கலந்து, அவர்கள் மதியிழந்த சமயத்தில் பொருளைக் கவர்ந்து சென்றனர். தெளிந்தபின் அவர்களுக்கு நடந்தது நினைவிராது. ஆதலால் இம்முறை திருடர்களுக்குச் சௌகரியமாயிருந்தது.

ஊமத்தை விதை மிளகாய் விதையைப்போலவே தோன்றும். வீட்டிலுள்ளோர் வித்தியாசத்தை அறிந்திருத்தல் நலம். மிளகாய் விதை மெல்லியது, வெளிர் மஞ்சள் நிறமுடையது, வழவழப்பானது, காரநெடி உள்ளது. ஊமத்தை விதை சற்றுப் பெரியது, தடித்தது, பழுப்பு நிறமானது, மேலே சிறு குழிகள் உடையது, நெடியற்றது. ஐயமிருந்தால் வாயிலிட்டுச் சோதிக்கலாகாது; எறிந்துவிட வேண்டும்.

நாய்க்கடிக்கு ஊமத்தை இலைச்சாறு கொடுக்கும் வழக்கம் சில ஊர்களில் உண்டு. இதனால் இரண்டு கேடுகள் விளைகின்றன. சாறு தானே நஞ்சாகிறது. அன்றியும், கடிவாயைச் சோப்புப் போட்டு ஓடும் நீரில் கால் மணி நேரம் கழுவி, அன்றைக்கே தடுப்பூசி போட்டுக்கொள்ள வேண்டிய மனிதர், மருந்து உண்டாயிற்று என்று வீட்டில் இருந்துவிடுகிறார். வெறிநோய் வெளிப்பட்ட பின் அதற்குப் பரிகாரம் இல்லை.

இவ்வளவு கொடிய செடியின் சத்தே வியவசாயியின் உயிரைக் காக்கும் மருந்தாகவும் இருப்பது கவனிக்கத்தக்கது. நெல்லுக்கும் கரும்புக்கும் தெளிக்கும் பூச்சிமருந்துகளில் ஆர்கனோபாஸ்பரஸ் என்றொரு வகுப்பு உண்டு. நரம்பின் வேலை முடிந்ததும் அசிட்டைல்கோலினை உடைத்து அகற்றுவதற்கு உடலில் ஒரு நொதி இருக்கிறது. அந்த நொதியை இம்மருந்துகள் முடக்கிவிடுகின்றன. சாவிகள் குவிந்து, பூட்டுகள் திறந்தபடியே நிற்கின்றன. எச்சிலும் கண்ணீரும் பெருகுகின்றன; கருமணி ஊசிமுனைபோல் சுருங்குகிறது; நெஞ்சில் கபம் நிறைந்து மூச்சு அடைக்கிறது. இந்நிலையில் வைத்தியர் அட்ரோபின் ஊசி போடுகிறார். அது பூட்டுகளை அடைத்து மூச்சைக் காக்கிறது. இதற்கு நேர்மாறாக, ஊமத்தையால் மதி கலங்கியவருக்கு, மேற்கு ஆப்பிரிக்காவில் விளையும் காலபார் என்னும் அவரையிலிருந்து எடுத்த பைசோஸ்டிக்மின் மாற்று மருந்தாகிறது. அது அசிட்டைல்கோலினைப் பெருகச் செய்து அடைப்பை வெல்கிறது.

இதைப் படித்த எவரும் பூச்சிமருந்து ஏறியவருக்கு வீட்டிலேயே ஊமத்தையைக் கொடுக்கத் துணிதல் கூடாது. அட்ரோபின் நிமிஷத்துக்கு நிமிஷம் நாடியையும் மூச்சையும் பார்த்து, அளந்து ஏற்றப்படும் மருந்து. அளவற்ற செடி ஒரு நஞ்சின்மேல் மற்றொரு நஞ்சாகவே முடியும். செய்ய வேண்டியது யாதெனில், நனைந்த உடையைக் களைந்து, உடலைச் சோப்பு நீரால் கழுவி, பூச்சிமருந்துப் புட்டியின் சீட்டையும் கையில் எடுத்துக்கொண்டு, 108 வண்டியை அழைத்து ஆஸ்பத்திரிக்குச் செல்வதே. ஊமத்தை உண்டவர் விஷயத்திலும் வாந்தி எடுக்கச் செய்யாமல், உண்ட காயையோ இலையையோ உடன் எடுத்துச் செல்ல வேண்டும். வில்லியனூரிலும் பாகூரிலும் அரசாங்க ஆரம்ப சுகாதார நிலையங்கள் உள்ளன. பிரெஞ்சுக்காரர் 1823-இல் புதுச்சேரியில் நிறுவிய வைத்தியப் பள்ளியின் வழிவந்து, 1964-இல் பெயர் பெற்ற ஜிப்மர் ஆஸ்பத்திரியும் அணித்தே உள்ளது.

4. புகையிலையும் பாக்கும்

புகையிலை இந்நாட்டுச் செடியன்று. அமெரிக்காவிலிருந்து போர்த்துகீசியர் மூலமாக இங்கு வந்தது. 1560-ஆம் ஆண்டையொட்டிப் போர்த்துகல்லில் பிரான்ஸ் தேசத்துத் தூதராயிருந்த ழான் நிக்கோ என்பவர் இதைத் தம் அரசவைக்கு அனுப்பினார். அவர் பெயரால் நிக்கோட்டின் என்னும் பெயர் ஏற்பட்டது. இது மூளையில் தன் பூட்டைத் திறந்து, சிறிது நேரம் ஊக்கத்தையும் இன்பத்தையும் தருகிறது. விரைவில் மூளை அதற்குப் பழகி, அது இல்லாவிடில் எரிச்சலும் அமைதியின்மையும் உண்டாகின்றன. அதன்பின் மனிதன் புகையிலையை நாடுவது இன்பத்துக்காக அன்று. அது இல்லாத துன்பத்தைத் தணிப்பதற்காகவே.

தாம்பூலம் மங்கலப் பொருளாதலால் அதைப்பற்றிக் குறை கூற ஜனங்கள் தயங்குகிறார்கள். விருந்துக்குப் பின் ஒருமுறை தரிப்பதற்கும், காலைமுதல் இரவுவரை கன்னத்தில் அடக்கி வைத்திருப்பதற்கும் பெரும் வேற்றுமை உண்டு. உலக சுகாதார நிறுவனத்தைச் சேர்ந்த புற்றுநோய் ஆராய்ச்சி ஸ்தாபனம், புகையிலை கலந்த தாம்பூலம் புற்றுநோய் விளைவிப்பது என்று 1985-இல் கூறியது. புகையிலை சேராத தாம்பூலமும், பாக்கு தனித்தும்கூட அவ்வாறே என்று 2004-இல் வெளியான அதன் அறிக்கை முடிவு செய்தது. "நான் புகையிலை போடுவதில்லை, வெறும் பாக்குத்தான்" என்னும் சமாதானம் இதனால் பயனற்றதாகிறது. பாக்கை ஓயாது மெல்பவருக்குக் கன்னத்தின் உட்தோல் வெளுத்து, நாராக இறுகி, வாய் வரவரச் சிறுத்துப்போகும். மூன்று விரல்களைச் செங்குத்தாக வாயில் நுழைக்க முடியாமற்போனால் உடனே வைத்தியரைக் காணல் வேண்டும். கன்னத்திலோ நாவிலோ இரண்டு வாரத்தில் ஆறாத புண்ணும் அவ்வாறே.

5. பனை: பதநீரும் கள்ளும்

கள்ளிலுள்ள மயக்கப் பொருளைப் பனை உண்டாக்கவில்லை. பனை தருவது இனிய நீர் மாத்திரமே. காற்றிலும் கலயத்திலும் உள்ள ஈஸ்ட் என்னும் நுண்ணுயிர் அதிலுள்ள சர்க்கரையைத் தின்று ஆல்ககால் ஆக்குகிறது. இது சில மணி நேரத்தில் நடந்துவிடும். மேலும் விட்டுவைத்தால் வேறு நுண்ணுயிர்கள் அதைப் புளிக்காடி ஆக்கிவிடும்.

கலயத்தின் உட்புறம் சுண்ணாம்பு தடவியிருந்தால் ஈஸ்ட் பெருக முடியாது, நீர் பதநீராகவே இருக்கும், காய்ச்சினால் வெல்லமாகும். ஒரே மரம், ஒரே பாளை, ஒரே தொழிலாளி. ஒரு விரற்கடைச் சுண்ணாம்பு உணவுக்கும் லாகிரிக்கும் நடுவே வரம்பாக நிற்கிறது.

தமிழ்நாட்டில் 1987-ஆம் ஆண்டு முதல் கள் தடை செய்யப்பட்டிருக்கிறது. புதுவையில் கள்ளுக்கும் சாராயத்துக்கும் உரிமம் பெற்ற கடைகள் உள்ளன. சட்டம் அனுமதிப்பதால் உடல் அனுமதித்துவிடாது. நாள்பட்ட குடியினால் ஈரலும் நரம்பும் கெடுகின்றன. உரிமமற்ற சரக்கிலோ உடனடி மரணமே உண்டு. 2023 மே மாதத்தில் மரக்காணத்தை அடுத்த எக்கியார்குப்பத்திலும், 2024 ஜூன் மாதத்தில் கள்ளக்குறிச்சியிலும் மெத்தனால் கலந்த சாராயத்தால் ஜனங்கள் மாண்டனர். கள்ளக்குறிச்சியில் மாத்திரம் அறுபதுக்கு மேற்பட்டவர்கள் இறந்தார்கள். மெத்தனால் தொழிற்சாலைச் சரக்கு. பனையின் மீதோ தென்னையின் மீதோ அப்பழி சாராது.

6. கஞ்சாவும் அபினியும்

கஞ்சாவின் முக்கியச் சத்தை 1964-இல் இஸ்ரேல் நாட்டில் மெஷூலம், கவோனி என்னும் இருவர் பிரித்தெடுத்தனர். மூளையில் அதற்கும் ஒரு பூட்டு இருப்பது பின்னர்த் தெரிய வந்தது. அப்பூட்டுக்கென்று மூளை தானே செய்துகொள்ளும் சாவியை 1992-இல் கண்டுபிடித்தவர்கள், வடமொழியிலுள்ள ஆனந்தம் என்னும் சொல்லைக் கொண்டு அதற்கு ஆனந்தமைடு என்று பெயரிட்டனர். ஆனந்தத்துக்கு வேண்டிய அளவை உடலே செய்துகொள்கிறது. இளவயதில் கஞ்சாவை மிகுதியாகப் புகைப்பவருக்குச் சித்தப்பிரமை ஏற்படும் அபாயம் அதிகம். அன்றியும், 1985-ஆம் ஆண்டுச் சட்டப்படி இச்செடியைப் பயிரிடுவோருக்குப் பத்து வருஷம் வரை கடுங்காவலும் ஒரு லட்ச ரூபாய் வரை அபராதமும் விதிக்கப்படலாம். "கொல்லையில் ஒரே ஒரு செடி" என்பது தப்புவதற்கு வழியாகாது.

அபினி புதுச்சேரியின் சரித்திரத்தில் ஓர் இடம் பெற்றது. 1815 மார்ச் 7-ஆம் தேதி லண்டனில் ஆங்கிலேயரும் பிரெஞ்சுக்காரரும் செய்துகொண்ட உடன்படிக்கையில், பிரெஞ்சு இந்தியாவின் உப்புக்கு ஈடாக வருஷந்தோறும் நான்கு லட்சம் சிக்கா ரூபாயும், அதனோடு விலைக்கு 300 பெட்டி அபினியும் பிரெஞ்சுக்காரருக்குத் தருவதென்று குறிக்கப்பட்டது. ஒரு செடியின் பால் இரு ராஜ்யங்களின் கணக்கில் உப்போடு உப்பாக எழுதப்பட்டது. இன்றைக்குக் கசகசாச் செடி இந்தியாவில் மத்திய அரசாங்கத்தின் அனுமதி பெற்ற சில பிரதேசங்களில் மட்டும் மருந்துக்காகப் பயிராகிறது. சமையலறைக் கசகசா மயக்கம் தருவதன்று. ஆயினும் வளைகுடா நாடுகள் சிலவற்றில் அது தடுக்கப்பட்ட பொருள். அங்கே வேலைக்குச் செல்லும் பிள்ளைகளின் பெட்டியில் அதை வைத்தனுப்புதல் ஆகாது.

அபினியின் சத்தாகிய மார்பின், புற்றுநோயின் கொடிய வலியைத் தணிக்கிறது. அம்மருந்து நோயாளிகளுக்குத் தடையின்றிக் கிடைக்க வேண்டி 2014-இல் சட்டம் திருத்தப்பட்டது. பாக்கும் புகையிலையும் கொண்டுவந்த நோயின் வேதனையை மற்றொரு செடியின் சத்து ஆற்றுகிறது. செடியில் நன்மையும் இல்லை, தீமையும் இல்லை. அளவும் அறிவும் யார் கையில் இருக்கின்றன என்பதே கேள்வி.

7. சங்கம் செய்யத்தக்கவை

தினம் 20 ரூபாய் பாக்குக்கும் புகையிலைக்கும் செலவிடும் ஒருவரின் கணக்கை உதாரணமாகக் கொள்வோம். வருஷத்துக்கு 7,300 ரூபாய் ஆகிறது. பத்து வருஷத்தில் வட்டி நீங்கலாக 73,000 ரூபாய். அதே மனிதர் சங்கத்தில் மனைவியின் நகையை ஈடு வைத்து விதைக்கும் உரத்துக்கும் கடன் கேட்டு நிற்கிறார். கடன் வேண்டாமென்பது இதன் கருத்தன்று. கசியும் குடத்தை அடைத்தபின் நீர் மொள்ள வேண்டும் என்பதே கருத்து.

சங்கங்கள் பின்வரும் காரியங்களைச் செய்யலாம். பள்ளிக்கூடம், அங்கன்வாடி இவற்றின் அருகிலுள்ள ஊமத்தைச் செடிகளைக் காய் முற்றுமுன் வேரோடு பிடுங்கிவிடலாம். பூச்சிமருந்தைப் பூட்டிய பெட்டியில் வைக்கவும், தெளிப்போருக்குக் கையுறையும் முகமூடியும் பொதுவில் வாங்கவும் ஏற்பாடு செய்யலாம். புகையிலையை விடுகிறவர், அந்தச் செலவைத் தினந்தோறும் சிறுசேமிப்பாகச் செலுத்த வசதி செய்யலாம்.

தவணை தவறிய அங்கத்தினர் குடிக்கு அடிமையானவர் என்று தெரிந்தால், அவரை மகாசபையில் பெயர் சொல்லி அவமதிப்பதில் பயனில்லை. அடிமைத்தனம் மூளையில் ஏற்பட்ட நோய். பஞ்சாயத்தார் இருவர் அவர் வீட்டுக்குச் சென்று, குடும்பத்தாரோடு பேசி, சிகிச்சைக்கு அழைத்துச் செல்வதே முறை. பல வருஷம் நாள்தோறும் அதிகமாகக் குடித்தவர் வைத்தியரைக் கேளாமல் திடீரென்று நிறுத்தினால் கைநடுக்கம், வலிப்பு, மதிமயக்கம் ஆகியவை ஏற்பட்டு உயிருக்கே அபாயம் நேரலாம். ஆதலால் "நாளை முதல் தொடமாட்டேன்" என்று கோயிலில் சத்தியம் வாங்குவதற்கு முன் ஆஸ்பத்திரிக்கு அழைத்துச் செல்ல வேண்டும். போதைப் பழக்கத்திலிருந்து மீள்வதற்கு 14446 என்னும் எண்ணிலும், புகையிலையை விடுவதற்கு 1800-11-2356 என்னும் எண்ணிலும் கட்டணமின்றி ஆலோசனை கேட்கலாம்.

கூட்டத்தில் விவாதிப்பதற்குரிய வினாக்கள்

1. செடி தன் சத்தை யாருக்காகச் செய்கிறது? அதனால் மனிதனுக்கு உண்டாகும் அபாயம் யாது?

2. பாக்கு வாயை ஊறச் செய்வதற்கும் ஊமத்தை வாயை உலரச் செய்வதற்கும் காரணம் என்ன?

3. பூச்சிமருந்து ஏறியவரின் கருமணி எவ்வாறு இருக்கும்? ஊமத்தை உண்டவரின் கருமணி எவ்வாறு இருக்கும்? இருவருக்கும் முதலில் செய்ய வேண்டியவை யாவை?

4. பதநீர் எப்போது கள்ளாகிறது? அதைத் தடுப்பது எது?

5. இக்கிராமத்தில் ஊமத்தை எந்தெந்த வேலிகளில் வளர்ந்திருக்கிறது? அவற்றுள் குழந்தைகள் நடமாடும் இடங்கள் எவை? அடுத்த கூட்டத்துக்குள் அவற்றை அகற்றும் பொறுப்பை ஏற்பவர் யார்?